கேம்பிரிட்ஜில் ஆங்கிலம்: கண்ணால் கற்றதும் காதால் கற்பதும்

நம் விடுதிகளில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுகிறது. "இங்கிலாந்து சென்று சில மாதம் ஆங்கிலம் பயின்று வந்தால் என்ன?" என்பதே அது. சிலர் ஆசையோடு கேட்கின்றனர். சிலர் கூச்சத்தோடு, மற்றவர் இல்லாத நேரம் பார்த்துக் கேட்கின்றனர். பள்ளியிலும் கல்லூரியிலும் பல்லாண்டு ஆங்கிலம் படித்தோம். தடித்த நூல்களைப் படித்துப் பொருள் கொள்கிறோம். தேர்வில் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆயினும் கருத்தரங்கில் எழுந்து நின்றால் நா எழுவதில்லை. இக்குறை நம் அறிவின் குறையன்று. ஆயினும் குறை குறையே. நேர்முகத் தேர்வில் அது நம்மைப் பின்னுக்குத் தள்ளுகிறது. வாதத்தில் நம் கருத்து நம்மோடே நின்றுவிடுகிறது.

இக்குறைக்கு வெளிநாட்டு மொழிப் பள்ளி மருந்தாகுமா? ஆகுமெனில் எவ்வளவு, எவ்வாறு? வீட்டார் கடன் வாங்கி அனுப்பும் அளவுக்கு அது தேவையா? இவற்றை உணர்ச்சியைத் தள்ளிவைத்து ஆராய்வோம். ஆங்கிலம் பயில விரும்புவோர் பலர் நாடும் ஊர்களுள் ஒன்றான கேம்பிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம்.

ஊர் வேறு, பல்கலைக் கழகம் வேறு

கேம்பிரிட்ஜ் என்றவுடன் நமக்கு நினைவு வருவது பல்கலைக் கழகமே. அது 1209இல் தோன்றியது. ஆக்ஸ்போர்டில் ஊராருக்கும் மாணவருக்கும் மூண்ட பூசலில் அவ்வூரை விட்டு வெளியேறிய அறிஞர் சிலர் கேம் ஆற்றங்கரையில் குடியேறினர். அவர்களால் வளர்ந்ததே இக்கழகம். இன்று அதில் 31 கல்லூரிகள் உள்ளன. அவற்றுள் மூத்ததான பீட்டர்ஹவுஸ் 1284இல் நிறுவப்பெற்றது. நம் இராமானுஜன் 1914இல் சென்று சேர்ந்த டிரினிட்டி கல்லூரியும் இங்கேதான் உள்ளது.

ஆனால் ஒன்றைத் தொடக்கத்திலேயே தெளிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜ் ஊரில் உள்ள மொழிப் பள்ளிகள் பெரும்பாலும் தனியார் பள்ளிகள். அவை பல்கலைக் கழகத்தின் உறுப்புகள் அல்ல. கோடைக் காலத்தில் கல்லூரி அறைகளை வாடகைக்கு எடுத்து வகுப்பு நடத்துவதும் உண்டு. அறை கல்லூரியுடையது என்பதால் படிப்பும் கல்லூரியுடையது ஆகிவிடாது. அங்கே மூன்று மாதம் ஆங்கிலம் பயின்றவர் கேம்பிரிட்ஜ் என்னும் ஊரில் படித்தவர் ஆவார். கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தில் படித்தவர் ஆகார். இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மங்கலாக்கிப் பேசும் இடைத்தரகர்களிடம் மாணவர் எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

பெயர்க் குழப்பத்திற்கு இன்னொரு காரணமும் உண்டு. அயல்நாட்டாருக்கான ஆங்கிலத் தேர்வுகளைப் பல்கலைக் கழகமே நூறாண்டுக்கு மேலாக நடத்தி வருகிறது. அத்தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்வது தனியார் பள்ளிகளின் தொழில். தேர்வு பல்கலைக் கழகத்தினுடையது, பயிற்சி பள்ளியினுடையது.

மொழிப் பள்ளிகள் வளர்ந்த கதை

அத்தேர்வின் தொடக்கம் சுவையானது. பிறமொழியாளரின் ஆங்கிலப் புலமையை அளக்கும் முதல் கேம்பிரிட்ஜ் தேர்வு 1913இல் நடந்தது. மொத்தம் 12 மணி நேரம். மொழிபெயர்ப்பு, இலக்கணம், கட்டுரை, இலக்கியம், ஒலியியல் ஆகியவற்றோடு, சொல்வதை எழுதுதலும், உரக்கப் படித்தலும், உரையாடலும் அதில் இருந்தன. தேர்வு எழுதியவர் மூவர். தேறியவர் ஒருவருமில்லை! அத்தகைய எளிய தொடக்கத்திலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் நடக்கும் தேர்வு முறை. நூறாண்டுக்கு முன்னரே, எழுத்தறிவு மட்டும் மொழியறிவு ஆகாது, வாயும் செவியும் சோதிக்கப்பட வேண்டும் என்று அவர்கள் எண்ணியது நாம் கருதத்தக்கது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1950களில், தனியார் மொழிப் பள்ளிகள் பெருகத் தொடங்கின. அவற்றுள் ஒன்றை நிறுவியவர் ஃபிராங்க் பெல் என்பவர். அவர் 1942இல் சப்பானியரிடம் போர்க் கைதியாகச் சிக்கி, போர்னியோத் தீவில் கூச்சிங் என்னுமிடத்து முகாமில் அடைக்கப்பட்டார். பசியும் நோயும் மலிந்த அம்முகாமில் கல்வி தடை செய்யப்பட்டிருந்தது. ஆயினும் அவரும் நண்பர்களும் காவலர் அறியாமல் வகுப்புகள் நடத்தினர். மொழிகளே அவற்றில் முதலிடம் பெற்றன. கைதிகள் அதைக் கூச்சிங் பல்கலைக் கழகம் என்றே அழைத்தனர். ஏடும் எழுதுகோலும் அரிதான இடத்தில் ஒருவர் பேச மற்றவர் கேட்பதே பாடம். போர் முடிந்து 1945இல் உயிர் தப்பி வந்த அவர், பிற நாட்டாரின் மொழியைக் கற்பது நாடுகளிடையே பகையைக் குறைக்கும் என்று நம்பினார். அந்நம்பிக்கையுடன் 1955இல் கேம்பிரிட்ஜில் மொழிப் பள்ளி தொடங்கினார். மொழி என்பது மனிதரிடமிருந்து மனிதருக்குச் செல்லும் பொருள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

பள்ளிகள் பெருகவே ஆசிரியர் தேவையும் பெருகியது. ஆங்கிலம் பேசத் தெரிந்த ஆங்கிலேயர் அனைவருக்கும் ஆங்கிலம் கற்பிக்கத் தெரிந்துவிடுமா? தமிழ் பேசும் நாம் அனைவரும் வினையெச்சத்தைப் பிறர்க்கு விளக்க வல்லோமா? இதை உணர்ந்த ஜான் ஹேகிராஃப்ட் என்பார் 1962இல் லண்டனில் சில வாரங்களில் முடியும் ஆசிரியர் பயிற்சி ஒன்றைத் தொடங்கினார். ஆசிரியராக வருபவர் பயிற்சிக் காலத்திலேயே உண்மையான மாணவர் முன் நின்று பாடம் நடத்த வேண்டும் என்பது அதன் சிறப்பு. மொழிப் பள்ளி ஆசிரியர்களிடம் இன்று எதிர்பார்க்கப்படும் செல்ட்டா என்னும் சான்றிதழ் அதன் வழி வந்ததே. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் கேட்க வேண்டிய முதற் கேள்வி, "ஆசிரியர்களின் தகுதி என்ன?" என்பதாகும்.

வகுப்பறையில் நடப்பது

பள்ளியில் சேர்ந்ததும் முதலில் ஒரு சோதனை வைப்பர். அது தேர்ச்சி தோல்விக்கானது அன்று. மாணவரை எந்த நிலையில் அமர்த்துவது என்று அறிவதற்கானது. ஐரோப்பியக் கவுன்சில் 2001இல் வெளியிட்ட அளவுகோலின்படி மொழித்திறன் ஆறு படிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஏ1, ஏ2 தொடக்கப் படிகள். பி1, பி2 நடுப் படிகள். சி1, சி2 உயர் படிகள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு ஏறத் தோராயமாக 200 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்பது கேம்பிரிட்ஜ் தேர்வுத் துறையார் கூறும் கணக்கு.

இக்கணக்கை மனத்தில் இருத்துங்கள். வாரத்திற்கு 20 மணி நேர வகுப்பு எனின் ஒரு படி ஏறப் பத்து வாரம் ஆகும். நான்கு வாரம் சென்று வருபவர் 80 மணி நேரமே பயில்கிறார். அரைப் படிகூட ஏறுவது அரிது. "ஒரே மாதத்தில் ஆங்கிலேயரைப் போல் பேசலாம்" என்னும் விளம்பரத்தை இக்கணக்கைக்கொண்டே எடைபோட்டுவிடலாம்.

வகுப்பு சிறியது. பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாகவோ குதிரை லாட வடிவிலோ அமர்ந்திருப்பர். சப்பானியர், அராபியர், இத்தாலியர், பிரேசில் நாட்டவர், துருக்கியர் எனப் பலர் இருப்பர். அவர்களுக்குள் பொதுமொழி ஆங்கிலம் ஒன்றே. ஆகவே "ஆங்கிலத்தில் பேசுக" என்று ஆசிரியர் கட்டளையிட வேண்டியதில்லை. தேவையே கட்டளை இடுகிறது. அடுத்திருப்பவரிடம் பேனா கேட்பதானாலும், சேர்ந்து தேநீர் அருந்தச் செல்வதானாலும் ஆங்கிலமே வழி. தெரிந்த பத்துச் சொல்லைக்கொண்டு நூறு காரியம் செய்துகொள்ள மாணவர் பழகிவிடுவர்.

ஆசிரியர் நெடுநேரம் பேசார். ஒரு செய்தியைக் கொடுத்து இருவர் இருவராகப் பேசச் செய்வார். ஒருவரிடம் இரயில் நேர அட்டவணை, மற்றவரிடம் பயணத் திட்டம். ஒருவர் கேட்க மற்றவர் விடையளிக்க வேண்டும். ஆசிரியர் சுற்றி வந்து கேட்டுக் குறித்துக்கொள்வார். இடையில் மறித்துத் திருத்துவது குறைவு. பேசி முடித்தபின் பிழைகளைப் பெயர் சொல்லாமல் பலகையில் எழுதி, வகுப்பைக்கொண்டே திருத்துவார். பிழைக்கு நாணிப் பேசாதிருப்பதே பெரும் பிழை என்னும் எண்ணம் அங்கே மெல்ல மெல்ல ஊன்றுகிறது.

நம் ஆங்கிலம் எத்தகையது?

இவ்வகுப்பில் இந்திய மாணவர் ஒருவர் சேர்ந்தால் ஆசிரியர்க்கு ஒரு திகைப்பு உண்டாகும். எழுத்துச் சோதனையில் அவர் உயர்ந்த படிக்குரிய மதிப்பெண் பெறுவார். கேட்டலிலும் பேச்சிலும் அதற்குக் கீழே நிற்பார். வேறு சில நாட்டாரோ இலக்கணம் பாதி அறியாமலே ஓயாது பேசுவர். நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றோம் என்பதே இதன் காரணம்.

இதற்கு வரலாறும் உண்டு. மைக்கேல் வெஸ்ட் என்னும் ஆங்கிலேயர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றினார். வங்காள மாணவருக்கு ஆங்கிலம் முதன்மையாகப் படிப்பதற்கே தேவை என்று அவர் கருதினார். பலர் பள்ளியைப் பாதியில் விட்டுவிடுகின்றனர். அவர்கள் விட்டுச் செல்லும் நாள்வரை கற்றது அவர்களுக்குப் பயன்பட வேண்டும். படிக்கும் திறனே அவ்வாறு பயன்படும் என்பது அவர் வாதம். அவரது தொகுப்பாக 1953இல் வெளிவந்த ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை உலகெங்கும் ஆசிரியர்கள் பயன்படுத்தினர். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. நாம் நூலகத்தில் அமர்ந்து அரிய நூல்களைப் படிக்கிறோம் என்றால் அது படிப்புக்கு முதலிடம் தந்த கல்வியின் பயனே. ஆனால் கண்ணுக்குக் கிடைத்தது காதுக்குக் கிடைக்கவில்லை.

தமிழராகிய நமக்குத் தனியே சில இடர்கள் உண்டு. தமிழில் எழுத்தும் ஒலியும் பெரும்பாலும் ஒத்துச் செல்லும். எழுதியதைப் படித்தால் சொல் வந்துவிடும். ஆங்கிலத்தில் அவ்வாறு வாராது. கேம்பிரிட்ஜில் ஒரு கல்லூரியின் பெயரை எழுத்துக் கூட்டினால் மேக்டலீன் என்று வரும். ஊரார் அதை 'மாட்லின்' என்பர். இன்னொன்றை நாம் காயஸ் என்று படிப்போம். அவர்கள் 'கீஸ்' என்பர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அவ்வூர்ப் பெயர்ப் பலகைகளே கற்பிக்கும்!

மேலும், தமிழில் நாம் ஒவ்வோர் அசையையும் ஏறத்தாழ நிறைவாக ஒலிப்போம். ஆங்கிலத்திலோ ஒரு சொல்லில் ஓர் அசை ஓங்கி நிற்கும். மற்றவை தேய்ந்து மெலியும். ஒளிப்படத்தைக் குறிக்கும் 'ஃபோட்டோகிராஃப்' என்னும் சொல்லில் முதல் அசை ஓங்கும். படம் எடுப்பவரைக் குறிக்கும் 'ஃபொடாக்ரஃபர்' என்னும் சொல்லில் இரண்டாம் அசை ஓங்கும். நாம் எல்லா அசைகளையும் ஓங்கி ஒலிப்பதால் ஆங்கிலேயர் நம் பேச்சைக் கேட்டுத் தடுமாறுகின்றனர். அவர்கள் அசைகளை விழுங்குவதால் நாம் அவர்கள் பேச்சைக் கேட்டுத் தடுமாறுகிறோம். நமக்கு 'வ' ஒன்றே. அவர்களுக்கோ இரண்டு: கீழுதட்டைப் பல்லில் பொருத்தி ஒலிப்பது ஒன்று; இதழ்களைக் குவித்து ஒலிப்பது மற்றொன்று. மேற்குத் திசைக்குரிய சொல்லும் உள்பனியனுக்குரிய சொல்லும் நம் வாயில் 'வெஸ்ட்' என்று ஒன்றாகிவிடும்.

சொல்லிலும் வேற்றுமை உண்டு. "நான் கல்லூரியிலிருந்து பாஸ்ட் அவுட்" என்று நாம் சொன்னால் பட்டம் பெற்றோம் என்று பொருள். அங்கே அதைக் கேட்பவர் கல்லூரியில் மயங்கி விழுந்தீர்களோ என்று இரங்குவார். நாம் சொல்வது தவறு என்பதன்று. அது நம் நாட்டில் வேரூன்றிய ஆங்கிலம். இங்கே அனைவர்க்கும் விளங்கும். ஆனால் எந்தச் சொல் எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று அறிவது கற்றவர்க்கு வேண்டிய அறிவு.

ஊரே பள்ளி

நாளில் நான்கைந்து மணி நேரமே வகுப்பு. மீதி நேரம் ஊர்தான் ஆசிரியர். மொழிப் பள்ளியின் பாட நூல் இந்தியாவிலும் கிடைக்கும். அந்த ஊர் இங்கே கிடைக்காது. எனவே மாணவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி ஊருக்காகவே என்று எண்ணிக்கொள்ள வேண்டும். ஊரைப் பயன்படுத்தாதவர் பணத்தை வீணாக்குகிறார்.

தங்குவதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று மாணவர் விடுதி. மற்றொன்று ஹோம் ஸ்டே எனப்படும் முறை. பணம் பெற்றுக்கொண்டு மாணவரைத் தம் வீட்டில் தங்கவைக்கும் குடும்பங்கள் அங்கே உள்ளன. காலைச் சிற்றுண்டியும் இரவு உணவும் பெரும்பாலும் அவர்களோடு. மொழி கற்பவர்க்கு இரண்டாவதே சிறந்தது. இரவு உணவு மேசையில் அன்றைய வானிலை, பேருந்து தாமதம், பிள்ளைகளின் பள்ளி, பூனையின் நோய் என்று பேச்சு நடக்கும். இவையெல்லாம் எந்தப் பாட நூலிலும் இரா. சைவ உணவு உண்பவர் விண்ணப்பத்திலேயே அதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும். அங்கே சைவம் என்றால் மீனும் முட்டையும் அடங்குமா என்பதையும் விளக்கிவிடுதல் நன்று.

இம்மேசையில்தான் சொல்லுக்குப் பின்னே நிற்கும் பண்பாடு புலப்படும். "ஹவ் ஆர் யூ" என்பது நலம் விசாரிக்கும் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அது வணக்கமே. நம் தலைவலியை விரித்துரைக்க அங்கே இடமில்லை. சமையலைப் பற்றி "நாட் பேட்" என்றால் பழிப்பு அன்று, நன்றாக இருக்கிறது என்று பொருள். "ஐ ஆம் அஃப்ரெய்ட்" என்று தொடங்கினால் அவர் எதற்கும் அஞ்சவில்லை. உமக்கு இல்லை என்று சொல்லப் போகிறார்! நம் வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்கும்போது நன்றி சொன்னால் அந்நியமாகத் தோன்றும். அங்கே சொல்லாவிட்டால் முரடர் என்று எண்ணுவர். இரண்டும் பண்பாடே, இடம் வேறு.

காலத்தையும் கருத வேண்டும். பல்கலைக் கழகத்தில் அக்டோபர் தொடங்கி ஜூன் வரை எட்டு வாரப் பருவங்கள் மூன்று நடக்கும். அப்போது ஊர் மாணவரால் நிறைந்திருக்கும். பொதுச் சொற்பொழிவுகள் நடக்கும். ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்திற்குக் கட்டணமில்லை. கிங்ஸ் கல்லூரியின் புகழ்பெற்ற தேவாலயத்தில் மாலை வழிபாட்டுக்கு யாரும் சென்று அமர்ந்து கேட்கலாம். சந்தைச் சதுக்கத்தில் காய்கறி வாங்கலாம். ஜூலை, ஆகஸ்டு மாதங்களிலோ பல்கலைக் கழக மாணவர் பெரும்பாலும் ஊரில் இரார். அவர்கள் இடத்தைப் பல நாட்டு இளஞ்சிறுவர் கூட்டம் நிரப்பும். தெருவெல்லாம் மொழிப் பள்ளி மாணவரே. ஊரார் பேச்சு காதில் விழுவது குறைவு. வளர்ந்த மாணவர் கோடையைத் தவிர்த்துப் பருவ காலத்தில் செல்வதே தக்கது.

எல்லாவற்றிலும் பெரிய இடையூறு ஒன்று உண்டு. அது நம்மவர். ஒரே மொழி பேசும் நால்வர் ஒன்றுகூடினால் போதும்; மூன்று மாதம் கேம்பிரிட்ஜில் இருந்தும் தம் ஊரிலேயே இருந்ததாக ஆகிவிடும். சேர்ந்து சமைப்பதும் படம் பார்ப்பதும் இனிமையே. ஆனால் அந்த இனிமைக்காகவா ஆறு கடல் தாண்டிச் சென்றோம்? வாரத்தில் ஒருநாள் தமிழுக்கு, மற்ற நாள் ஆங்கிலத்திற்கு என்று வரையறுத்துக்கொள்வது அறிவுடைமை.

செலவும் எச்சரிக்கையும்

இனிப் பணத்தைப் பற்றிப் பேசுவோம். பள்ளிக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவு செய்தல் ஆகாது. பதிவுக் கட்டணம், நூல்கள், தங்குமிடம், நண்பகல் உணவு, விசா, விமானக் கட்டணம், குளிருடை, தேர்வுக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்க்க வேண்டும். பலருக்குத் தங்கும் செலவே படிப்புச் செலவை எட்டிவிடும்.

இந்தியர்க்கு விசா தேவை. ஆறு மாதம் வரை பயில்வோர் பார்வையாளர் விசாவில் செல்லலாம். அதற்குமேல் 11 மாதம் வரை ஆங்கிலம் மட்டும் பயில்வோர்க்குத் தனி விசா உண்டு. இவ்விரண்டிலும் வேலை செய்ய அனுமதி இல்லை. பகலில் படித்து மாலையில் வேலை செய்து கடனை அடைக்கலாம் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். இவ்விசாவில் சென்றவர் அங்கிருந்தபடியே அதைப் பட்டப்படிப்பு விசாவாக மாற்றிக்கொள்ளவும் இயலாது. நாடு திரும்பித்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பள்ளிக்குப் பிரிட்டிஷ் கவுன்சிலின் அங்கீகாரம் உண்டா என்று முதலில் பாருங்கள். அங்கீகாரம் பெற்ற பள்ளிகளை ஆய்வாளர் சென்று பார்வையிட்டு எழுதும் அறிக்கைகள் பொதுமக்கள் பார்வைக்கு உள்ளன. வகுப்பில் மிகுதியாக எத்தனை பேர், அவருள் ஒரே மொழியினர் எத்தனை பேர், இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பும் என்பனவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று. வெளிநாட்டுப் பல்கலைக் கழகம் கேட்கும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம். கேட்டல் ஏறத்தாழ 30 நிமிடம், படித்தல் 60 நிமிடம், எழுதுதல் 60 நிமிடம், பேச்சு 11 முதல் 14 நிமிடம். மொத்தம் மூன்று மணிக்கும் குறைவே. 1989 முதல் இப்பெயரில் நடக்கும் இத்தேர்வில் 9 என்பது உச்ச மதிப்பு. இத்தேர்வுக்காக மட்டும் கடன்பட்டு விமானம் ஏற வேண்டியதில்லை.

இங்கேயே செய்யத் தக்கது

அப்படியாயின் போகவே வேண்டாமா? வசதி உள்ளவர் போகலாம். உதவித்தொகை கிடைத்தவர் தயங்காமல் போகலாம். ஆனால் போக இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. மொழிப் பள்ளியின் மறைபொருள் என்ன என்று இப்போது நாம் கண்டுவிட்டோம். அது கட்டடத்திலும் இல்லை, பாட நூலிலும் இல்லை. பேசியே தீர வேண்டிய தேவையும், பிழைக்கு நகையாத சூழலுமே அது.

இது நமக்குப் புதியதா? நம்மில் பலர் இந்த ஊருக்கு வந்து இறங்கிய நாளில் இந்தியில் இரண்டு சொல் அறியோம். இன்று ரிக்ஷாக்காரரிடம் பேரம் பேசுகிறோம். மெஸ்ஸில் பருப்பில் உப்பு மிகுந்தது என்று சண்டை போடுகிறோம். எந்த இலக்கண நூலைப் படித்து இதைக் கற்றோம்? பசியும் பயணமும் கற்பித்தன. ஆண் பால், பெண் பால் வேற்றுமையில் நாள்தோறும் பிழை செய்தோம். கடைக்காரர் சிரித்தார், நாமும் சிரித்தோம், மறுநாளும் சென்றோம். அத்துணிவை ஆங்கிலத்தில் மட்டும் ஏன் இழக்கிறோம்? இந்தியில் பிழை செய்தால் வெளியூர்க்காரன் என்பர். ஆங்கிலத்தில் பிழை செய்தால் படிக்காதவன் என்பரோ என்று அஞ்சுகிறோம். அவ்வச்சமே நம் நாவைக் கட்டுகிறது.

இவ்வுண்மையை நம் நாட்டு அறிஞர் ஒருவர் சோதித்தும் காட்டினார். என். எஸ். பிரபு என்பார் 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களின் பள்ளிகள் சிலவற்றில் ஒரு முயற்சி நடத்தினார். இலக்கணத்தை விதியாகக் கற்பிக்காமல், வரைபடத்தில் வழி காணுதல், இரயில் அட்டவணையைப் படித்தல் போன்ற காரியங்களைக் கொடுத்து ஆங்கிலத்தில் செய்து முடிக்கச் சொன்னார். மனம் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதே மொழியின் அமைப்பு உள்ளே படிகிறது என்பது அவர் கொள்கை. 1987இல் வெளிவந்த அவர் நூலை உலகின் மொழியாசிரியர் பலர் கற்கின்றனர். கேம்பிரிட்ஜ் வகுப்பறையில் நடக்கும் அதே முறை, நம் தென்னாட்டுப் பள்ளிகளிலும் உருப்பெற்றது என்பது நாம் மகிழத்தக்க செய்தி.

ஆகவே நம் சங்கத்தின் சார்பில் சிலவற்றைச் செய்யலாம். வாரம் ஒருநாள், ஒரு மணி நேரம், எட்டுப் பேருக்கு மிகாமல் கூடுவோம். தமிழர் மட்டுமன்றி, வங்காளி, மலையாளி, நாகாலாந்து, மணிப்பூர் நண்பரையும் அழைப்போம். பொதுமொழி ஆங்கிலமாக இருந்தாலன்றி அந்த ஒரு மணி நேரமும் தமிழாகிவிடும். ஒருவர் தம் ஆராய்ச்சியைப் பத்து நிமிடம் எழுதிப் படிக்காமல் வாயால் விளக்கட்டும். மற்றவர் ஆளுக்கொரு கேள்வி கேட்கட்டும். ஒருவர் பிழைகளைக் குறித்து, பெயர் சொல்லாமல் இறுதியில் கூறட்டும். தனியே இருக்கும்போது வானொலிச் செய்தியை ஐந்து நிமிடம் கேட்டு, கேட்டதை எழுதி ஒப்பிடுங்கள். கண்ணால் கற்றதைக் காதுக்கு மாற்றும் எளிய பயிற்சி இது. ஆறு திங்கள் இவ்வாறு செய்தவர் பின்னர் கேம்பிரிட்ஜ் சென்றாலும் பயன் இருமடங்காகும்.

இறுதியாக ஒன்று. இராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். ஆங்கிலத் தேர்வில் தேறாததே காரணம். அவரே 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும் டிரினிட்டி கல்லூரியின் ஃபெல்லோவாகவும் ஆனார். மொழித் தேர்வின் மதிப்பெண் ஒருவரின் அறிவை அளக்கும் கோல் அன்று என்பதை இது காட்டும். ஆயினும் இதைக்கொண்டு மொழிப் பயிற்சி வேண்டாம் என்று கூறல் தவறு. அறிவு நம்மிடம் இருக்கலாம்; அதைப் பிறர் கையில் கொண்டு சேர்க்கும் ஓடம் மொழி. ஓடம் அழகாக இல்லாவிட்டாலும் குற்றமில்லை. ஒழுகாமல் கரை சேர்த்தால் போதும்.

கூச்சத்தைக் கரையில் விட்டுவிட்டு இறங்குங்கள், நண்பர்களே! ஆற்றில் இறங்காமல் நீச்சல் கற்றவர் எவருமில்லை. அந்த ஆறு கேம் ஆறாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.